திருகோணமலைத் துறைமுகமும் செவியின் வரலாறும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் திருகோணமலையை நோக்கி வந்தன. துறைமுகத்திற் கிடந்த கப்பல்களுட் பல முதல்நாள் இரவே வெளிக்கடலுக்கு அனுப்பப்பட்டிருந்தன. அவ்வாறு அனுப்பப்பட்ட 'ஹேர்மஸ்' அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் தீப்பற்றி எரிந்தது. இவை பலரும் அறிந்த செய்திகள். எனினும் குண்டுகள் விழுவதற்கு முன்னரே பிரித்தானியரின் போர் விமானங்கள் சீனக்குடாத் தளத்திலிருந்து வானில் எழுந்துவிட்டன என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். கரையில் நிறுத்தப்பட்டிருந்த ராடார் அவர்களுக்கு முன்னறிவிப்பு வழங்கியிருந்தது.

நான்கு நாட்களுக்கு முன், ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் நிகழ்ந்ததோ வேறு. பகைவரின் கடற்படை தென்கடலில் நிற்பதை முதல்நாள் மாலையே பேர்ச்சல் என்ற கனேடிய விமானி கண்டு செய்தி அனுப்பியிருந்தார். கொழும்பிலும் ராடார் இருந்தது. ஆயினும் விமானங்கள் தலைக்குமேல் வரும்வரை எச்சரிக்கை கிடைக்கவில்லை; போர் விமானங்கள் தரையில் நின்றபடியே தாக்குதலை எதிர்கொள்ள நேர்ந்தது. குற்றம் பொறியினதா, நிலத்தின் அமைப்பினதா, காவலிருந்த மனிதரதா என்பதில் நூலாசிரியர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அந்த விவாதத்தைத் தீர்க்க இக்கட்டுரை முயலவில்லை. அதன் உள்ளே மறைந்து கிடக்கும் வேறொரு கேள்வியே நமக்கு வேண்டியது.

ராடார் 'கண்டது' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ராடார் எதையும் காண்பதில்லை. கண்ணாடித் திரையில் ஒளிக்கோடு நடுங்கிக்கொண்டிருக்கும். எங்கோ ஓரிடத்தில் அது சற்றே துள்ளும். அந்தத் துள்ளலை விமானமென்று அறிவது, இருண்ட அறையில் மணிக்கணக்காக அமர்ந்திருக்கும் இருபது வயது இளைஞன் ஒருவனின் விழியும் மூளையும். கோடிக்கணக்கான பவுண் செலவிட்டு அமைத்த தளத்தின் பாதுகாப்பு, இறுதியில் ஒரு சாதாரண மனிதனின் நரம்பு மண்டலத்தில் வந்து தங்கியிருந்தது. சாம்ராச்சியம் தன் படையாட்களின் புலன்களைப் பற்றி முதன்முறையாகத் தீவிரமாகக் கவலைப்படத் தொடங்கியது இக்காலத்திலேதான்.

நீர்மூழ்கிகளைத் தேடிக் கடல்மேற் பறந்த விமானங்களில் ராடார் பார்ப்பவர்கள், நேரம் செல்லச் செல்ல, திரையில் தெரிவதையே தவறவிடுகிறார்கள் என்று பிரித்தானிய விமானப் படைக்குச் சந்தேகம் எழுந்தது. கேம்பிரிட்ஜில் நோர்மன் மக்வேர்த் என்பவரிடம் இந்த ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அவர் ஒரு கடிகாரம் அமைத்தார். அதில் எண்கள் இல்லை. ஒரு முள் மட்டும் செக்கனுக்கு ஒரு முறை சிறு அடி எடுத்து வைக்கும். மிக அரிதாக, இரட்டை அடி தாவும். இரட்டை அடியைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதுதான் வேலை. முதல் அரைமணி கழிந்ததும் தவறுகள் பெருகின. ஆண்டுகளாகப் பயிற்சி பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். செய்தது சரியா பிழையா என்று உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தால் தளர்வு குறைந்தது. பென்சிட்ரின் மாத்திரை கொடுத்தாலும் குறைந்தது. 1948இல் இம்முடிவுகள் வெளியாயின.

கண் திறந்திருக்கிறது, முள் தாவுகிறது, விழித்திரையில் அந்தத் தாவலின் பிம்பம் விழத்தான் செய்கிறது. ஆயினும் மனிதன் காணவில்லை. எங்கே தொலைந்தது?

இதற்கு விடை தேட நாம் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். 1920களில் எட்கர் ஏட்ரியன் கேம்பிரிட்ஜில் ஒற்றை நரம்பிழையில் ஓடும் மின்துடிப்பை அளந்தார். ஒளியோ ஒலியோ தொடுகையோ எதுவாயினும் நரம்பில் ஓடுவது ஒரே வகைத் துடிப்புத்தான். துடிப்பின் பருமன் மாறுவதில்லை. தூண்டல் வலுத்தால் துடிப்புக்கள் நெருக்கமாக வருகின்றன. மூளைக்குச் செல்லும் செய்தியனைத்தும் இந்த ஒரே எழுத்தால் எழுதப்பட்டது. எந்தப் பாதையில் வந்தது என்பதைக் கொண்டே இது ஒலி, இது ஒளி என்று மூளை பிரித்தறிகிறது. ஏட்ரியன் கண்ட மற்றொன்று நம் கேள்விக்கு நெருக்கமானது: மாறாத தூண்டலுக்கு நரம்பு சலிப்படைகிறது. தொடக்கத்தில் மளமளவென்று துடித்தது, சிறிது நேரத்தில் அடங்கிப்போகிறது. காலையில் உடுத்த வேட்டியை உச்சிப்பொழுது வரை நம் தோல் உணர்ந்துகொண்டிருப்பதில்லை அல்லவா? புலன்கள் உலகத்தைப் படம்பிடித்து அனுப்புவதில்லை. உலகத்தில் நிகழும் மாற்றங்களை மட்டும் பொறுக்கி அனுப்புகின்றன.

அத்துடிப்பு எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சொன்னது கணவாய். திருகோணமலைச் சந்தையில் கூறு கட்டி விற்கும் கணவாயின் இனத்தில், உடலை உந்தித் தப்பியோட உதவும் நரம்பிழை நூலிழை போலக் கண்ணுக்கே தெரியுமளவு தடித்தது. 1939இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதனுள்ளே மின்முனையைச் செலுத்தி அளந்தார்கள். சில வாரங்களில் யுத்தம் மூண்டது. ஹொட்ஜ்கின் ராடார் அமைக்கச் சென்றார். ஹக்ஸ்லி பீரங்கிகளைக் குறிபார்க்கும் கணக்குக்குச் சென்றார். யுத்தம் முடிந்து மீண்டும் கணவாயிடம் வந்து, 1952இல் நரம்புத் துடிப்பின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. ராடாரும் நரம்பும் ஒரே கைகளால் ஆராயப்பட்டன என்பது தற்செயல் போலத் தோன்றலாம். ஆனால் அந்தத் தலைமுறையின் நரம்பியலாளர் பலரின் வாழ்க்கையில் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது.

மக்வேர்த்தின் முள்ளைத் தவறவிட்டது விழியன்று என்பதற்கு 1949இல் ஒரு தடயம் கிடைத்தது. மொருஸ்ஸி, மகூன் என்ற இருவர், பூனையின் மூளைத்தண்டில் வலைபோற் பின்னிக் கிடக்கும் நரம்புக்கலங்களைத் தூண்டியபோது, உறக்க அலைகளைக் காட்டிய மூளை விழிப்பின் அலைகளுக்கு மாறியது. புலன்களிலிருந்து செய்தி வந்தால் மட்டும் போதாது. அதை ஏற்கும் நிலையில் பெருமூளையை வைத்திருக்கும் வேறொரு சுற்றும் இயங்க வேண்டும். எதிர்பார்த்தது வராத வெறும் காவலில் அச்சுற்று மெல்லத் தளர்கிறது. எத்தனை தண்டனை விதித்தாலும் உடலின் இந்த நியதியை மாற்ற இயலாது. காவலில் அயர்ந்தவனை ஒழுக்கக் குறைவு என்று குற்றம் சாட்டிய படையதிகாரிகளுக்கு இது உவப்பான செய்தியாய் இருந்திராது.

இதுவரை கண்ணைப் பற்றிச் சொன்னோம். திருகோணமலையின் கதையில் செவிக்கே பங்கு பெரிது.

1943 முதல் இக்குடா பிரித்தானிய நீர்மூழ்கிகளின் தளமாயிற்று. இங்கிருந்து சென்ற 'டாலி ஹோ' 1944 ஜனவரி 11ஆம் திகதி பினாங்குக்கு அப்பால் 'குமா' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. கடலுக்கடியில் கண்ணுக்கு வேலையில்லை. நீர்மூழ்கியில் இருப்பவனும் அதைத் தேடுபவனும் செவியையே நம்பியிருக்கிறார்கள். தேடும் கப்பல் நீருக்குள் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பும். எதிரொலி திரும்பினால் அதன் சுருதி சற்று ஏறியதா இறங்கியதா என்று கேட்பவன் சொல்ல வேண்டும். ஏறினால் அணுகுகிறது, இறங்கினால் அகலுகிறது. சுருதி மாறாவிடின் அது பாறையாயிருக்கலாம். சங்கீத ஞானம் உள்ளவன் இவ்வேலைக்குப் பொருத்தமானவன் என்பதில் வியப்பில்லை. ஒலியின் திசையறியும் கருவியை முதல் உலக யுத்தத்தில் ஜேர்மனியருக்கு அமைத்துக் கொடுத்த இருவருள் ஒருவரான ஹோர்ன்பொஸ்டல், பல நாட்டு மக்களின் இசையைத் தொகுத்து ஆராய்ந்தவர். மற்றவர் வேர்த்தைமர், உளவியலறிஞர். ஹிட்லர் பதவிக்கு வந்ததும் இருவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைப்போம்.

அவர்களது கருவியின் அடிப்படை நம் தலையிலேயே இருக்கிறது. வலப்புறத்திலிருந்து வரும் ஓசை வலக் காதை முதலிலும் இடக் காதைப் பின்னரும் அடைகிறது. இடைவெளி, மிகக் கூடினாலும், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நம்மால் இலட்சத்தில் ஒரு பங்கையும் பிரித்தறிய முடிகிறது. நரம்பின் ஒரு துடிப்பே ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் நீடிப்பது; அதனினும் நூறு மடங்கு நுண்ணிய வேறுபாட்டை அத்துடிப்புக்களைக் கொண்டே மூளை எப்படி அளக்கிறது? 1948இல் லொயிட் ஜெப்ரெஸ் ஒரு யோசனை சொன்னார். இரு காதுகளிலிருந்தும் வரும் இழைகள் எதிரெதிராக ஓடி வரிசையாக நிற்கும் நரம்புக்கலங்களைத் தொடுகின்றன. இரு துடிப்பும் ஒரே கணத்தில் வந்து சேரும் கலம் மட்டும் கிளர்ச்சியுறும். எந்தக் கலம் கிளர்ந்தது என்பதே திசை. காலம் இடமாக மாற்றப்படுகிறது. கூகையின் மூளையில் ஏறக்குறைய இவ்வாறே அமைந்திருப்பதை 1980களின் இறுதியில் காட்டினார்கள். பாலூட்டிகளில் ஏற்பாடு வேறுபடலாம் என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

நீருக்குள் இந்த அழகிய ஏற்பாடு நமக்கு உதவாது. நீரில் ஒலி காற்றிலும் நாலரை மடங்கு விரைவாகச் செல்கிறது. இரு காதுகளுக்கும் இடையிலான கால வேறுபாடு அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மூளையின் சுற்றோ காற்றுக்கென்று அளவு பார்த்து அமைந்தது. சங்கு குளிக்கவும் கடலட்டை பிடிக்கவும் இறங்கும் தொழிலாளிக்கு, வள்ளத்தின் இயந்திர ஓசை நாலாபுறத்திலிருந்தும் வருவதுபோற் கேட்பது இதனாலேதான். மேலெழும்போது வள்ளம் எங்கே வருகிறது என்று செவி சொல்லாது. இது உயிரோடு விளையாடும் விஷயம்.

எனினும் மனிதன் நீரின் ஓசையைக் கேட்கக் கடற்படைக்காகக் காத்திருக்கவில்லை. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைக் கேட்க வள்ளக்காரர் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வர். 1859இல் வெளியான தமது நூலில் எமர்சன் டெனன்ட் அந்த ஓசையை வியந்து எழுதியிருக்கிறார். கப்பலடியில் ஒலிவாங்கி பொருத்தியவர்கள் காலத்தால் பிந்தியவர்கள்.

திருகோணமலையின் கடல் கரையருகிலேயே திடீரென ஆழங்காணும் கடல். குடாவின் வாயிலிலிருந்தே ஒரு பள்ளத்தாக்கு கடலடியில் இறங்கிச் செல்கிறது. ஆகவே கோணேசர் மலையில் நின்றே திமிங்கிலங்களைக் காணலாம். யுத்தகாலத்தில் எதிரொலியைக் கேட்டு நீர்மூழ்கி என்று மயங்கித் திமிங்கிலங்களைக் கடற்படையினர் தாக்கியது உலகெங்கும் நடந்தது. அந்த விலங்குகளும் கேட்டுக்கொண்டே வாழ்பவை என்பது அப்போது தெரியாது. எண்ணெய்த் திமிங்கிலம் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்புவதை விஞ்ஞானிகள் உறுதிப்படுத்தி எழுதியது 1957இல். எட்டுக் கிலோ வரை நிறையுள்ள அதன் மூளை உலகிலேயே பெரிது. பல்லுள்ள திமிங்கிலங்களின் நடுமூளையில், ஒலியைக் கையாளும் பகுதி பார்வையைக் கையாளும் பகுதியினும் பருத்திருக்கிறது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமென்று அறிவிக்கப்பட்ட பின்னர், 1980களின் தொடக்கத்தில், 'துலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு அப்பால் ஒலிவாங்கியை இறக்கி இவற்றைத் தொடர்ந்து கேட்டார்கள். குண்டு வீசுவதற்காகக் கேட்ட அதே கடலில், தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டார்கள்.

இனி, அந்தத் துறைமுகத்தில் வேலை செய்தவர்களின் செவிக்கு வருவோம்.

கடற்படைக் கப்பற்பட்டறை என்றால் என்ன ஓசை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தறையாணி அடிக்கும் சம்மட்டி, துருச் சுரண்டும் உளி, இரும்புக்கூட்டினுள் எதிரொலித்து எதிரொலித்துத் திரும்பும் ஒவ்வொரு அடி. 1944 ஆகஸ்டில் இங்கிருந்த மிதக்கும் கப்பற்றுறை 'வேலியன்ற்' போர்க்கப்பலோடு சரிந்து உடைந்தது. கப்பலுக்கு நேர்ந்த சேதம் அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்டது. இரும்பின் சேதத்தை அளக்கத் தெரிந்த நிருவாகம் அது.

இரும்படிப்பவர் செவிடாவர் என்பது புதிய கண்டுபிடிப்பா? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி வெனிஸ் நகரத்துச் செம்புக் கன்னாரின் செவிட்டைப் பற்றி எழுதினார். 1886இல் கிளாஸ்கோ நகரில் தோமஸ் பார் என்ற மருத்துவர் கொதிகலன் செய்யும் 100 தொழிலாளரைச் சோதித்தார். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்க முடியாமலோ, கேட்க இடர்ப்பட்டோ இருந்தனர். அவர்கள் செய்தவை பிரித்தானியக் கப்பல்களின் கொதிகலன்கள். அந்தக் கப்பல்கள் இக்குடாவுக்கும் வந்தவைதாம்.

ராடார்க் காவலனின் புலன் அரைமணியில் தளர்கிறது என்று அறிய, அரசுக்கு ஒரு யுத்தகாலமே போதுமாயிருந்தது. பணமும் ஆய்வுக்கூடமும் அறிஞரும் உடனே கிடைத்தனர். கொதிகலன் தொழிலாளியின் செவிடு, தொழிலால் வரும் நோயென்று பிரித்தானியாவிலேயே நட்டஈட்டுக்குரியதாக ஏற்கப்பட்டது 1970களின் நடுப்பகுதியில். பார் தமது கணக்கை வெளியிட்டு ஏறக்குறைய 90 ஆண்டுகள். திருகோணமலைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது 1957 அக்டோபர் 15ஆம் திகதி. இங்கு சம்மட்டி அடித்தவர்களுக்கு அந்தச் சட்டம் பதினேழு ஆண்டு பிந்திப் பிறந்தது. பிறந்தபோதும் கடலுக்கு அப்பால் பிறந்தது. விஞ்ஞானம் பக்கஞ்சாராதது என்று வகுப்பறையிற் சொல்கிறோம். கண்டறிந்த உண்மை பக்கஞ்சாராதது என்பது சரி. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதைச் செலவழிப்பவன் தீர்மானிக்கிறான்.

கேள்வி பிந்தியதால் விடையும் பிந்தியது. உட்காதின் நத்தைச்சுருளில், ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் உள்மயிர்க்கலங்கள் ஒரு செவிக்கு ஏறத்தாழ 3,500 மட்டுமே. அவற்றிலிருந்து 30,000 அளவிலான இழைகள் மூளைத்தண்டுக்குச் செல்கின்றன. பேரோசை இம்மயிர்க்கலங்களைக் கொல்கிறது, இறந்தவை மீண்டும் முளைப்பதில்லை என்பதே நெடுங்காலம் பாடம். 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இருவர் எலிகளை இரண்டு மணி நேரம் பேரோசைக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். முதலில் செவி மங்கியது. சில நாட்களில் தெளிந்தது. மயிர்க்கலங்கள் அனைத்தும் உயிரோடிருந்தன. பழைய சோதனைப்படி எலி நலமாயிருந்தது. ஆனால் மயிர்க்கலத்துக்கும் நரம்புக்கும் இடையிலான நரம்பிணைப்புக்களை எண்ணியபோது, தாக்குண்ட பகுதியில் ஏறக்குறையப் பாதி அழிந்திருந்தன.

அமைதியில் மெல்லிய ஓசையொன்றைக் கேட்க எஞ்சிய இணைப்புக்கள் போதும். இரைச்சலின் நடுவே ஒரு குரலைப் பிரித்தெடுக்கப் போதா. அதற்கு ஆயிரக்கணக்கான இழைகளின் சாட்சியத்தை மூளை ஒப்பிட வேண்டும்; சாட்சிகள் பாதி இல்லை. செய்தி மெலிந்ததை உணர்ந்த மேற்சுற்றுக்கள் தம் உணர்திறனைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. அவ்வாறு உயர்த்தியதால், இல்லாத ஓசையும் கேட்கத் தொடங்குகிறது என்றே காதிரைச்சலுக்கு ஆய்வாளர் பலர் விளக்கந் தருகின்றனர். இரவில் வீடு அடங்கியபின் காதினுள் ஓயாமல் இரையும் அந்தச் சத்தம் மூளையின் சுற்றிலேயே பிறப்பது. மனிதரில் நரம்பிணைப்பின் அழிவு எவ்வளவு என்பது இன்றும் ஆராயப்படுகிறது. உயிருள்ள மனிதனின் உட்காதைத் திறந்து எண்ண முடியாதாகையால், ஆய்வு மெதுவாகவே நகர்கிறது.

இக்குடாவின் கரையில் இன்று மா ஆலை இருக்கிறது, சீமெந்து ஆலை இருக்கிறது. வள்ளங்களில் இயந்திரம் வந்துவிட்டது. தடைசெய்யப்பட்டும் கடலில் வெடிவைத்து மீன் பிடிப்போரும் உளர். சம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகத்திலும் கடல் இரைகிறது. அந்த இரைச்சலுக்குச் செவி பழகியிருந்தது. கடலின் இரைச்சல் எவருடைய செவியையும் அழித்ததில்லை. இயந்திரத்தின் இரைச்சலைக் கட்டுப்படுத்தும் வழிகள் உலகெங்கும் தெரிந்தவை: இயந்திரத்தை மூடி அமைப்பது, மனிதரை மாற்றி மாற்றி நிறுத்துவது, காதடைப்பான் கொடுப்பது. மூன்றாவது மலிவு, ஆகவே பெரும்பாலும் மூன்றாவதோடு கடமை முடிந்துவிடுகிறது.

இருபது ஆண்டு இரும்போடும் இயந்திரத்தோடும் உழைத்தவர் ஒருவர் சோதனைக்கு அழைக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓசை புகாத சிறு அறை. கதவு சாத்தப்படுகிறது, காதுகளில் ஒலிப்பான் மாட்டப்படுகிறது, சத்தம் கேட்டதும் கையை உயர்த்தச் சொல்கிறார்கள். அவர் உயர்த்துகிறார். ஒவ்வொரு முறையும் சரியாகவே உயர்த்துகிறார். செவிப்புலனிற் குறையில்லை என்று தாளில் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். அன்று மாலை தொழிற்சங்கக் கூட்டத்தில், மண்டபம் நிறைந்த பேச்சரவத்தின் நடுவே, அவர் முன்வரிசைக்கு நகர்ந்து அமர்ந்து, பேசுபவரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.